காற்றும் ஆலையும்

இயற்கை அன்னை மக்களுக்கு விலையின்றி வழங்கும் பொருள்கள் பலவற்றுள், காற்றைப்போல எங்கும் நிறைந்ததும், நம்மால் மதிக்கப்படாததும் பிறிதில்லை. புதுவையினின்றும் கடலூர் செல்லும் பெருவழியில், நோணாங்குப்பத்துப் பாலத்தின்மீது மாலைப்பொழுதில் நிற்பார்க்கு, சுண்ணாம்பாறு கடலொடு கலக்குந் திசையினின்றும் வீசுங் காற்று இவ்வுண்மையை உணர்த்தாமற் போகாது.

அவ்வூர்க்கு அணித்தேயுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அகழ்ந்து, ரோமானிய மட்பாண்டங்களைக் கண்டெடுத்தார். பருவக்காற்றின் இயல்பறிந்து கலஞ் செலுத்திய வாணிகத்திற்கு அவை சான்றாம். அன்று வாணிகத்திற்கு ஊழியஞ் செய்த காற்று, இன்று கைத்தொழிலுக்கு ஊழியஞ் செய்கின்றது. அஃது எங்ஙனம், அதன் எல்லை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இயற்கைச் சக்தியால் ஆலை நடத்துதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1880-களில் ஹார்வி சகோதரர் பாபநாசத்தில் நூலாலை நிறுவியபொழுது, தாமிரவருணியின் நீர்வீழ்ச்சியையே யந்திரங்களை இயக்குஞ் சக்தியாகக் கொண்டனர். 1930-களில் பைக்காராவின் நீர்மின்சாரம் கோயம்புத்தூரை அடைந்தது. அதன்பின் அந்நகரில் ஆலைகள் பல்கின. ஆயினும் நீர் மழையை நம்பியது. தேவையோ ஆண்டுதோறும் வளர்ந்தது.

இந்நிலையிற் காற்று துணைக்கு வந்தது. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சோதனையாகக் காற்றாலைகள் நாட்டப்பட்டன. 1990-களில், வரிச்சலுகையுந் தூண்ட, நூலாலை முதலாளிகள் பலர் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலிலும், பாலக்காட்டுக் கணவாயின் காற்று பாயும் உடுமலைப் பகுதியிலும் தமக்கெனக் காற்றாலைகளை நிறுவினர். ஆங்கு விளையும் மின்சாரம் அரசாங்கத்தின் கம்பிகள் வழியே சென்று, ஆலையின் கணக்கிற் கழிக்கப்படும். நூலாலையின் செலவுகளுள் பஞ்சினை அடுத்து மின்சாரம் முதன்மையானதாகலின், இஃது ஆலைகளுக்கும் அவற்றை நம்பிய தொழிலாளர்க்கும் பேருதவியாயிற்று.

காற்றின் சக்திக்கு ஒரு நியதியுண்டு. அதன் வேகம் இருமடங்காயின், அதிலுள்ள சக்தி எண்மடங்காகும். ஆதலின் நல்ல இடந் தேர்தலே நல்ல முதலீடாம். ஆயின் அச்சக்தி முழுவதையும் கைக்கொள்ளல் ஒண்ணாது. நூற்றுக்கு 59 பங்கிற்குமேற் கொள்ளவியலாதென ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் கணித்துக் காட்டினார். மேலும் நம் நாட்டில் மே முதல் செப்டம்பர் வரையே காற்று மிக வீசும். ஆலையோ ஆண்டு முழுதும் ஓடவேண்டும். முன்னாளில் நாட்டிய சிறு யந்திரங்கள் பல, காற்று மிக்க இடங்களையெல்லாம் பற்றிக்கொண்டிருத்தலும் ஒரு குறையே.

எனவே சக்தியை உண்டாக்குதல் ஒருபாதி. அதனை வீணாக்காமை மறுபாதி. மேற்கூறிய நியதியே இங்கும் நமக்கு உதவும். ஆலையின் விசிறியொன்று முழுவேகத்திற் சுழல, அதன் வாயிலை ஓரளவு அடைத்துக் காற்றைக் குறைப்பது பழைய வழக்கம். அங்ஙனமின்றி அதன் வேகத்தையே ஐந்தில் ஒருபங்கு குறைப்பின், அது கொள்ளும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகும். அழுத்தக் காற்று செல்லுங் குழாயிற் சிறு துளையிருப்பினும், இரவும் பகலும் பொருள் கசியும். இத்தகைய குறைகளைக் களையும்பொருட்டே 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. பேராலைகட்கு இலக்கு வகுத்து, அதனினும் மிகச் சேமித்தார் அம்மிகுதியைக் குறைந்தார்க்கு விற்கும் முறை 2012-இல் தொடங்கிற்று.

நண்பர்காள்! நோணாங்குப்பத்தினின்றும் புதுவைக்கு மீளும் வழியில், முதலியார்பேட்டையில், 1898-இல் தோன்றிப் பல்லாயிரவர்க்குச் சோறளித்த ஆங்கிலோ-பிரெஞ்சு நெசவாலை உளது. பல காரணங்களால் நலிந்த அவ்வாலை 2020-இல் மூடப்பட்டது. ஓராலை நிலைத்தலும் வீழ்தலும் ஒரு காரணத்தாலாவன அல்ல. ஆயினும் ஆலை நின்றால் எத்துணை அடுப்புகள் அவியும் என்பதை அதன் வாயில் நமக்கு அறிவுறுத்தும். நும்மிற் பலர் நாளை ஆலைகளிற் பணி ஏற்பீர்கள். அங்குப் புகும் முதல்நாளிலேயே புதிய யந்திரம் வேண்டற்க. யந்திரங்கள் ஓய்ந்த வேளையிற் குழாயருகே நின்று செவிகொடுத்துக் கேண்மின். காற்றுக் கசியும் ஓசை எழுமாயின், நும் முதற்பணி அதுவே. வீணாகாமற் காத்தவனுக்கே இயற்கை வழங்குங் கொடை நிலைக்கும்.