விசைத்தெளிப்பான் எஞ்சினில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து சீர்ப்படுத்தும் முறை

நெற்பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி கண்டால், மருந்து தெளிப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் சில தினங்களே. கொட்டகையில் பல மாதங்கள் கிடந்த விசைத்தெளிப்பான் அப்பொழுதுதான் வெளியே எடுக்கப்படுகின்றது. கயிற்றைப் பன்முறை இழுத்தும் எஞ்சின் கிளம்புவதில்லை. கிளம்பினாலும் விசையைக் கூட்டியவுடன் திணறி நின்றுவிடுகின்றது. உடனே பிளக்கை மாற்றுவதும், அதற்கும் இணங்காவிடில் எஞ்சின் தேய்ந்து போயிற்றென்று பழைய இரும்புக்குப் போடுவதும் குடியானவர்களிடையே வழக்கமாக இருக்கின்றன. மிதவைக் கிண்ணமுள்ள கார்புரேட்டர் பொருத்திய பழைய யந்திரங்களில், இக்குறை பெரும்பாலும் அக்கிண்ணத்தின் அடியிலும் ஜெட்டின் துவாரத்திலும் படிந்த பிசினால் உண்டாவதேயாம்.

இவ்வெஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. மோட்டார் காரில் உள்ளதுபோல் எண்ணெய்க்கெனத் தனி இடம் இதில் கிடையாது. பெட்ரோலுடன் கலந்து ஊற்றும் எண்ணெயே பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வழவழப்பைத் தருகின்றது. ஆகவே ஜெட் பாதி அடைபட்டால் பெட்ரோலோடு எண்ணெயும் குறைந்துவிடும்; காற்று மிகுந்த கலவையால் சூடும் ஏறும். அந்நிலையிலும் எஞ்சின் சிறிது நேரம் உற்சாகமாகவே ஓடக்கூடும். அதைக் கண்டு ஏமாந்து வேலையைத் தொடர்ந்தால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரச் சுத்தத்தால் தீரக்கூடிய குறை, சிலிண்டரையே மாற்றும் செலவாக முடிவது இவ்விதமே.

தொட்டியில் விட்டுவைத்த பெட்ரோல் ஆவியாகிப் போக, எண்ணெயும் பிசினும் அடியில் தங்குகின்றன. 2023ஆம் வருஷம் முதல் இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. பழைய ரப்பர்க் குழாய்களையும் ஊறச் செய்யவல்லது. ஆதலின் குழாய் உப்பியோ வெடித்தோ இருந்தால் முதலில் அதை மாற்றிவிடுதல் நலம்.

சுத்தம் செய்யத் தொடங்குமுன் யந்திரத்தின் வெளிப்புறத்தைச் சோப்பு நீரால் கழுவிப் பூச்சிமருந்தைப் போக்கவேண்டும். பெட்ரோல் குழாயை மூடிக் கிண்ணத்தைக் கழற்றி, மிதவை, ஊசி, ஜெட் ஆகியவற்றை ஒரு வெள்ளைத் துணியின்மேல் கழற்றிய வரிசையிலேயே வைக்கவேண்டும். அருகில் விளக்கோ பீடியோ கூடாது. இவற்றைப் புதுப் பெட்ரோலில் ஊறவிட்டு மென்மையான பிரஷால் தேய்த்து, சைக்கிள் பம்பினால் துவாரங்களை ஊதவேண்டும். வாயால் ஊதும் பழக்கம் பலரிடம் உண்டு. பெட்ரோலும் மருந்தும் ஒட்டிய பாகத்தை வாயில் வைப்பதைவிட வேறு அபாயம் வேண்டுவதில்லை.

ஜெட்டைக் கம்பியால் குத்துவது அடுத்த தவறு. அது மிருதுவான பித்தளையால் ஆனது. துவாரம் மயிரிழை பெருத்தாலும் பெட்ரோலின் அளவு மாறிவிடும். தென்னை ஈர்க்கும் உதவாது. அது முறிந்து உள்ளேயே தங்கும். துவாரத்தைவிட மெல்லிய நைலான் இழை போதுமானது. பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துவாரம் முழு வட்டமாகத் தெரியவேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டும்போது உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அது ஓட்டையானது. புதியதைப் போடுவதே உத்தமம். ஈயம் வைத்து அடைத்தால் எடை கூடி மிதவை தாழும். பெட்ரோல் மட்டம் உயரும்.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பாக்கிங் கிழிந்திருந்தால், ஜெட் எவ்வளவு சுத்தமாயினும் வெளிக்காற்று புகுந்து கலவையைக் கெடுக்கும். இதை மெக்கானிக்குகளிற் பலர் கவனிப்பதில்லை. காற்று வடிகட்டியையும் கழுவி உலர்த்திப் பொருத்திய பின்னரே சீர்ப்படுத்தவேண்டும். அது இல்லாமல் செய்த சீர், அதைப் பொருத்தியவுடன் மாறிவிடும். காற்றுக்குழாயும் வழக்கம்போல் மாட்டியிருத்தல் வேண்டும்.

எஞ்சின் நன்கு சூடேறியபின் முழு விசையில் ஓடவிட்டு, சோக்கைச் சிறிதே மூடிப்பார்க்கவேண்டும். ஓட்டம் மேம்பட்டால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. மேலும் திணறினால் பெட்ரோல் போதிய அளவு அல்லது மிகுதி. ஊசியின் தலைப்பக்கத்தில் காடிகள் இருப்பின் பெரும்பாலும் நடுக்காடியில் தொடங்கலாம். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும்; மேலே ஏற்றினால் குறையும். ஒரு காடிக்குமேல் ஒரே தடவையில் மாற்றலாகாது. சிறிது நேரம் வேலை செய்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அதன் முனை மங்கிய பழுப்பாக இருப்பது நல்ல அடையாளம். வெளுத்திருந்தால் யந்திரத்தை மேலும் ஓட்டாமல் காரணத்தைத் தேடவேண்டும். கரியும் ஈரமும் படிந்திருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ மிகுதி என்று கொள்ளலாம்.

எண்ணெயின் அளவு யந்திரத்துக்கு யந்திரம் வேறுபடும். 25க்கு 1 என்று தயாரித்தவர் குறித்திருந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி லிட்டர் என்பது கணக்கு. பலர் கை மாறும் வாடகை யந்திரத்தில் இவ்வளவை மூடியின்மேல் வர்ணத்தால் எழுதிவைக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யலாம். பருவம் முடிந்தவுடன் தொட்டியை வடித்து, பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சினைத் தானே நிற்கும்வரை மெதுவாக ஓடவிட்டு, கிண்ணம் வற்றியபின் கொட்டகையில் ஏற்றவேண்டும்.