கூரை போட்டால் வீடாகிவிடுமா?

போரால் ஊரைவிட்டு ஓடியவங்க திரும்பி வரும்போது அவங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேணும்? இலங்கையின் வடக்கை வைத்துப் பார்ப்போம்.

2009-இல் போர் முடிந்தபோது, ஏறக்குறைய 3 லட்சம் வன்னி மக்கள் முகாம்களில் இருந்தார்கள். பெரும்பாலோர் வவுனியா மெனிக் பாம் முகாமில், தறப்பாள் கூடாரங்களில். 2012 செப்டம்பரில்தான் அது மூடப்பட்டது. ஊருக்குப் போனவர்களில் பலருக்கு மிஞ்சியது கூரையில்லாத சுவரும் பாழடைந்த கிணறும்தான்.

1. முதலில் காணி

நிலத்தை அங்கே ‘காணி’ என்பார்கள். அதன் பத்திரம் ‘உறுதி’. ஓடும் அவசரத்தில் உறுதியைத் தொலைத்தவர்கள் பலர். காணி தங்களுடையது என்று காட்டாமல் வீட்டு உதவி பெறுவது கஷ்டம். வலிகாமம் வடக்கில் 1990-இல் வெளியேறிய பல குடும்பங்கள், இராணுவம் காணியைப் பிடித்திருந்ததால், போர் முடிந்த பிறகும் முகாமிலேயே இருந்தன. காணி இல்லாமல் அஸ்திவாரம் எங்கே போடுவது?

2. கட்டுவது யார்?

இந்திய வீட்டுத் திட்டத்தில் வடக்கு, கிழக்கின் பெரும்பாலான வீடுகளை உரிமையாளர்களே கட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய். வேலை நடக்க நடக்கத் தவணையாக வங்கிக் கணக்குக்கு வரும். மேசனைப் பிடிப்பது, சீமெந்து வாங்குவது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. பணம் போதாமல் கடன்பட்டவர்களும் உண்டு. கணவரை இழந்த பெண்களுக்குச் சுமை இன்னும் அதிகம். ஆனாலும் அது அவங்க கட்டிய வீடு, இல்லையா?

3. எந்தப் பொருளில்?

பிறகு 65,000 எஃகு வீடுகள் கட்ட ஒரு திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு முதலில் சொன்ன விலை சுமார் 21 லட்சம் ரூபாய். அதைவிடக் குறைந்த செலவில் கல்வீடு கட்டலாம் என்றார்கள் உள்ளூர்ப் பொறியியலாளர்கள். வெயிலில் எஃகு வீடு தாங்குமா, விறகடுப்புப் புகை எங்கே போகும் என்ற கேள்விகளும் எழுந்தன. எதிர்ப்பு வலுத்து, திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. சிவில் இன்ஜினியரிங் மாணவனாக நான் இதில் கவனிப்பது ஒன்று: கல்வீட்டில் விரிசல் விட்டால் ஊர் மேசனே பூசிவிடுவார். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் இன்னோர் அறை சேர்க்கலாம்.

நாளை நாமும் நிவாரணப் பணிக்குப் போகலாம். கையில் வரைபடத்தோடு போவதற்கு முன், அங்கே வாழப்போகிறவரிடம் கேட்போம். அதுதான் சேவை.

கலந்துரையாட:

• வேகமாகக் கட்டிக் கொடுப்பதா, அவர்களே கட்ட உதவுவதா? எது நல்லது, ஏன்?

• உங்கள் குடும்பம் திடீரென வெளியேற நேர்ந்தால், எந்தப் பத்திரங்களை முதலில் எடுப்பீர்கள்?