உயிர்த் திரவியங்கள்: என்பிலுள்ள பொருள் செய்யும் இரண்டு வேலைகள்

மாணவர்களே, எப்பாவல அப்பத்தைட்டுக் கனியத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சேர்வை உங்கள் என்பிலும் பல்லிலும் உண்டு. அதன் பெயர் ஐதரொட்சி அப்பத்தைட்டு. கல்சியம், பொசுபேற்று, ஐதரொட்சைட்டு அயன்கள் சேர்ந்து இது உருவாகிறது. என்பின் நிறையில் அரைவாசிக்கு மேல் இத்தகைய கனியமே.

உயிர்த் திரவியம் என்றால் என்ன?

சேதமடைந்த இழையத்தைச் சீர்செய்ய, அல்லது அதன் வேலையைச் செய்ய, உடலினுள் வைக்கப்படும் பொருள் உயிர்த் திரவியம் ஆகும். உலோகம், பல்பகுதியம், பீங்கான் வகை ஆகிய மூன்றும் இதற்குப் பயன்படும். உடல் அதனை வெறுத்து ஒதுக்கக்கூடாது என்பதே முதல் நிபந்தனை.

1. என்பு மீள வளர உதவுதல்

விபத்தினாலோ, கட்டியை அகற்றுவதாலோ என்பில் இடைவெளி ஏற்படலாம். நோயாளியின் இடுப்பென்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்து அதை நிரப்புவது வழக்கம். ஆனால் அதற்காக அவர் இன்னொரு காயத்தைத் தாங்க வேண்டும். எடுக்கக்கூடிய அளவும் குறைவு. இதற்கு மாற்றாக, நுண்துளைகள் கொண்ட செயற்கை ஐதரொட்சி அப்பத்தைட்டை வைக்கலாம். துளைகளினூடாகக் குருதிக் குழாய்களும் என்புக் கலங்களும் உட்புகுந்து புதிய என்பு வளரும். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவகம் இவ்வகைத் திரவியங்களை உருவாக்கியுள்ளது.

2. மருந்தை மெதுவாக விடுவித்தல்

என்பில் பற்றீரியாத் தொற்று ஏற்பட்டால், அவ்விடத்தில் குருதியோட்டம் குறைந்துவிடும். விழுங்கும் மருந்து போதியளவு போய்ச் சேராது. எனவே நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றப்பட்ட திரவியத்தை என்பினுள்ளேயே வைக்கின்றனர். மருந்து வேண்டிய இடத்தில், சிறிது சிறிதாக, பல நாட்களுக்கு வெளிவரும்.

இலங்கையில் இதே தத்துவம்

இலங்கை நனோதொழினுட்ப நிறுவகத்தின் (ஸ்லின்டெக்) விஞ்ஞானிகள் இதே பொருளில் மருந்துக்குப் பதிலாக யூரியாவை ஏற்றினர். யூரியா நீரில் விரைவாகக் கரைவதால் பெரும்பகுதி பயிருக்குக் கிடைக்காமல் கழுவப்படுகிறது. 1 பங்கு ஐதரொட்சி அப்பத்தைட்டு நனோ துணிக்கைகளில் 6 பங்கு யூரியாவைப் பிணைத்தபோது நைதரசன் மெதுவாக வெளிவந்தது. துணிக்கை சிறிதாகும்போது மொத்த மேற்பரப்பளவு கூடுகிறது. ஆகவே கூடுதலான யூரியா பிணைய முடிகிறது. பாதியளவு யூரியாவுடனேயே நெல் விளைச்சல் குறையவில்லை என 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

பரீட்சைக் குறிப்பு

"செயற்கைத் திரவியம் புதிய கலங்களை உண்டாக்கும்" என எழுதுவது தவறு. கலங்களை உண்டாக்குவது உடலே. திரவியம் அவை பற்றி வளர இடம் கொடுக்கிறது. வீடு கட்டும்போது போடும் சாரத்தைப் போல.

பயிற்சி

1. உயிர்த் திரவியத்தில் நுண்துளைகள் இருப்பது ஏன் அவசியம்?
2. மருந்து ஒரே தடவையில் வெளிவருவதைவிட மெதுவாக வெளிவருவதன் நன்மைகள் இரண்டு தருக.
3. யூரியா கழுவப்பட்டு ஆற்றில் சேர்ந்தால் ஏற்படும் விளைவு ஒன்றைக் குறிப்பிடுக.