தெருவுக்கும் உரிமை உண்டு: சந்தை பெரிதாகும்போது நாம் சொல்ல வேண்டியது



தெருச் சந்தையை இன்னும் நீட்டலாமா என்ற பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. "பிழைக்கிறவன் வயிற்றில் அடிக்காதே" என்பது ஒரு கட்சி. "வீட்டு வாசலை விட்டு வெளியே கால் வைக்க முடியவில்லை" என்பது இன்னொன்று. இந்த மாதப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இரண்டு கட்சியிலும் நம் வீட்டு ஆட்களே இருக்கிறார்கள் என்பதுதான். அண்ணன் தள்ளுவண்டியில் கொய்யா விற்பார். தம்பி அதே தெருவில் வாடகை கொடுத்துக் கடை வைத்திருப்பார். அத்தா மூச்சுத்திணறலோடு அதே தெருவில் படுத்திருப்பார், ஆட்டோ உள்ளே வராது.

திண்டுக்கல் சந்தையை நம்பி வளர்ந்த ஊர். சிறுமலை வாழை, நிலக்கோட்டைப் பூ, ஒட்டன்சத்திரத்துக் காய்கறி, வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தை என்று சுற்றியுள்ள பூமி விளைவிப்பதும் வளர்ப்பதும் எங்காவது ஒரு சந்தையில் வந்து இறங்கியாக வேண்டும். காந்தி மார்க்கெட்டும் நாகல்நகர்ச் சந்தையும் போதாமல் போகும்போது வியாபாரம் தெருவுக்கு வருகிறது. தார்ப்பாய் விரித்த தரைக்கடை, தள்ளுவண்டி, கட்டில் கடை. ரமலான் வந்துவிட்டால் பள்ளிவாசலைச் சுற்றிலும் பேரீச்சம்பழம், வடை, சமோசா, தொப்பி, அத்தர் என்று அஸருக்குப் பிறகு தெருவே சந்தையாகிவிடும். அப்போது மட்டும் நாம் யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை!

எதிர்ப்புச் சொல்கிறவர்களின் குறைகள் பொய்யல்ல. ஆம்புலன்ஸ் நுழைய வழியில்லை. மதரஸா விட்டு வரும் பிள்ளைகள் பைக்குகளுக்கு நடுவே புகுந்து வருகிறார்கள். இரவு கடை எடுத்த பின் முட்டைகோஸ் இலையும் கோழி இறகும் சாக்கடையை அடைத்துக்கொள்கின்றன. வாடகை, மின்கட்டணம், வரி எல்லாம் கட்டிக் கடை நடத்துபவர், தன் கடைக்கு முன்னாலேயே அதே பொருளைக் குறைந்த விலைக்கு விற்பதைப் பார்க்கும்போது மனம் புழுங்கத்தான் செய்வார்.

ஆனால் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டால் பெரும்பாலும் இந்தக் குரல்களே பதிவாகின்றன. கூட்டத்துக்கு வருபவர்கள் ஆண்கள். அவர்களிலும் சொந்த வீடு, சொந்தக் கடை உள்ளவர்கள். அன்றாடம் காய் வாங்கும் பெண்களிடம் யாரும் கேட்பதில்லை. தெருவிலேயே சந்தை இருந்தால் யார் துணையும் இல்லாமல் பத்து நிமிடத்தில் வாங்கித் திரும்பலாம், கையில் இருக்கும் ஐம்பது ரூபாய்க்குத் தகுந்தாற்போல் கூறுகட்டி வாங்கலாம், நாளை தருகிறேன் என்று கடனும் சொல்லலாம் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கைச் சேர்க்காமல் எடுக்கும் எந்த முடிவும் பாதி ஊரின் முடிவுதான்.

"எங்களுக்கு வேறு இடம் இல்லை"

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வழியாக வரும் ஒரு ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். பாதைகளில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். எங்களுக்கு உட்கார்ந்து பேச வேறு இடம் இல்லையே என்று தோழர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று அந்த உரிமைகளை எண்ணியும் காட்டினார்கள்.

இந்த ஹதீஸைப் பயான்களில் பார்வையைத் தாழ்த்துவதற்காகவே அதிகம் சொல்லக் கேட்கிறோம். அதன் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். முதலில் தடை வருகிறது. வேறு வழியில்லை என்ற முறையீடு வருகிறது. அந்த முறையீடு தள்ளப்படவில்லை. அதே நேரத்தில் கட்டுப்பாடு இல்லாமலும் விடப்படவில்லை. தரைக்கடைக்காரரும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்: வேறு இடம் இல்லை. அவருக்கும் அதே பதில்தான் பொருந்தும் என்பது என் கருத்து. உட்காரலாம், தெருவின் உரிமையைக் கொடுத்துவிட்டு.

மதீனாவில் முஸ்லிம்களுக்கென்று ஒரு சந்தையை நபியவர்கள் குறித்துக் கொடுத்து, அதைச் சுருக்கவோ அதில் வரி விதிக்கவோ கூடாது என்று சொன்னதாக இப்னுமாஜாவில் ஒரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் ஆய்வாளர்கள் சொல்லியிருப்பதால் அதை ஆதாரமாக வைத்து வாதம் செய்ய வேண்டாம். சந்தை பள்ளிவாசலைப் போன்றது, முதலில் வந்தவருக்கு அன்றைய இடம் என்ற கருத்து அலீ (ரலி) அவர்களின் பெயரால் பழைய நூல்களில் பதிவாகியிருக்கிறது. இடம் யாருக்கும் நிரந்தரச் சொத்து ஆகாது என்பது அதன் உட்பொருள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நம் தெருக்களில் சில வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் தங்கள் வாசலுக்கு முன்னால் உட்காரும் வியாபாரியிடம் தினமும் ஐம்பது, நூறு என்று வாங்குகிறார்கள். மின்விளக்குக்கோ தண்ணீருக்கோ வாங்கினால் அது வேறு. ஆனால் வாசல்படிக்கு வெளியே இருக்கும் தெரு யாருடையது? ஊருக்குச் சொந்தமான இடத்துக்கு நாம் வாடகை வாங்குவது எந்தக் கணக்கில் ஹலால் ஆகும் என்று ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கடைச் சரக்கை நான்கு அடி வெளியே தள்ளி அடுக்கிவிட்டு, தள்ளுவண்டிக்காரரை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று புகார் எழுதுவதும் இந்த வகைதான்.

சட்டம் என்ன சொல்கிறது

தெருவோர வியாபாரம் சட்டவிரோதம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது உண்மையல்ல. தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு அது உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் சோதன் சிங் வழக்கில் சொன்னது. 2014-இல் தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரப் பாதுகாப்புக்கும் ஒழுங்குமுறைக்கும் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

அதன்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். மாநகராட்சி என்றால் ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய இடம் தர வேண்டும். குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம், போக்குவரத்துக் காவல்துறை, வங்கி, தொண்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே நேரக் கட்டுப்பாட்டோடு விற்கலாம், எங்கே கூடவே கூடாது என்று பிரிப்பதில் இந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. ஆகவே சந்தை விரிவாக்கம் பற்றி நம் கருத்து போய்ச் சேர வேண்டிய இடமும் இதுதான். டீக்கடையில் பேசித் தீராது.

எத்தனை பேருக்கு இடம் என்பதற்கும் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது: மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை. 2011 கணக்கெடுப்பில் திண்டுக்கல் நகரின் மக்கள்தொகை 2,07,327. அந்தக் கணக்கிலேயே ஏறத்தாழ 5,180 வியாபாரிகள் வருகிறார்கள். இத்தனை பேரும் ஒரே பஜாரில் உட்கார முடியாது என்பது பார்த்தாலே தெரிகிறது. ஒரே சந்தையை நீட்டிக்கொண்டே போவதை விட, வார்டுக்கு வார்டு சிறு சந்தைகளாகப் பிரிப்பதே நல்லது என்று நான் சொல்வதற்கு இந்த எண்தான் காரணம்.

நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது விற்பனைச் சான்றிதழ் பற்றிய பகுதி. சான்றிதழ் பெற்றவர் தானோ தன் குடும்பத்தாரோதான் விற்க வேண்டும். வாடகைக்கு விடக் கூடாது. அவர் இறந்துவிட்டால் அல்லது நிரந்தரமாக முடங்கிவிட்டால், சான்றிதழின் காலம் முடியும்வரை மனைவியோ அவரைச் சார்ந்த பிள்ளையோ அதே இடத்தில் வியாபாரத்தைத் தொடரலாம். இதன் அருமை எப்போது தெரியும்? கணவன் மௌத்தாகி, மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்துவிட்டு வெளியே வரும்போது, இருபது வருடம் குடும்பம் சோறு தின்ற ஆறடி இடத்தில் வேறொருவர் விற்றுக்கொண்டிருப்பார். கையில் தாள் இல்லாவிட்டால் அந்தப் பெண் யாரிடம் போய் என்ன கேட்பாள்?

சான்றிதழ் எடுத்தால் வங்கிக் கடனில் மாட்டிவிடுவார்கள், வட்டி வந்துவிடும் என்று சிலர் ஒதுங்குகிறார்கள். 2020-இல் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி கடன் வேறு, சான்றிதழ் வேறு. கடன் வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வட்டிக்கு அஞ்சி வங்கியை விட்டவர் காலையில் தண்டல்காரரிடம் தொள்ளாயிரம் வாங்கி மாலையில் ஆயிரம் கட்டுவதைத்தான் தடுக்க வேண்டும். அதற்கு ஜமாஅத்துகளின் பைத்துல்மால் வட்டியில்லாக் கடன் இருக்கிறது.

இடம் மாற்றினால் போதுமா?

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வியாபாரிகளுக்காக மாநகராட்சி அடுக்குமாடி வணிக வளாகம் கட்டி, 2013-இல் அவர்களை அதற்குள் மாற்றியது. தலைக்கு மேல் கூரை, தனிக் கடை, விளக்கு எல்லாம் இருந்தும் வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் புலம்பினார்கள். நடந்து போகிறவர் கண்ணில் பட்டு, கை நின்று வாங்குவதுதான் தெருவோர வியாபாரம். அதற்காக யார் படியேறுவார்கள்? 2019-இல் அதே சாலையில் அகலமான நடைபாதையோடு நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது கால்நடையாக வருபவர்களுக்கு வசதி கூடியது. புதிய கட்டடம் கட்டித் தருகிறோம் என்றால் உடனே சம்மதித்துவிடாமல், கீழ்த்தளமா, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும்.

விரிவாக்கம் வரும் தெருவில் குடியிருப்பவர்கள் மனு எழுதும்போது "சந்தை வேண்டும்", "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அந்தத் தாள் கோப்பில் தூங்கும். அளவு எழுதுங்கள். டேப் பிடித்துத் தெருவின் அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் எத்தனை அடி கடைக்கு, நடுவில் எத்தனை அடி வழிக்கு என்று குறியுங்கள். சந்தூக்கை இரண்டு பக்கமும் தோள் கொடுத்துத் தூக்கிச் செல்பவர்கள் ஒதுங்காமல் நடக்க வேண்டும். ஆம்புலன்ஸ் கதவு திறக்க வேண்டும். இந்த இரண்டையும் நேரில் அளந்தாலே எண் கிடைத்துவிடும். ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் முன்பும் பள்ளி விடும் நேரத்தில் பள்ளிக்கூட முன்பும் கடை வேண்டாம் என்று நேரத்தைக் குறிப்பிடுங்கள். குப்பைக்கு, 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெருவோர வியாபாரி தனக்கென்று தொட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதை எடுத்துக்காட்டலாம். பெண்களின் கையெழுத்து தனியாக ஒரு பக்கமாவது இருக்கட்டும்.

வியாபாரிகள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: இடத்தைக் காலி செய்யச் சொல்வதற்கு முன் 30 நாள் அறிவிப்பு தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் அதற்குப் பட்டியல் எழுதித் தர வேண்டும். அழுகும் பொருளை, கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள். பட்டியல் வாங்காமல் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

மனு எழுதவோ சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பவோ உதவி தேவைப்படுவோர் ஆதார் அட்டை, குடும்ப அட்டை நகலுடன் மக்ரிபுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். பெண்கள் அஸருக்கு முன்பே வரலாம். அந்த நேரத்தில் எழுதித் தருவதற்குச் சகோதரிகளே இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.