த்ரஷ்: பறவைக்கும் நோய்க்கும் ஒரே பெயர் ஏன்?

கேள்வி: ஐயா, என் பேத்திக்கு இரண்டு மாதம் ஆகிறது. நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு "த்ரஷ்" என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். மூத்த பேரனின் பறவைப் புத்தகத்தில் "த்ரஷ்" என்று ஒரு பறவையும் இருக்கிறது. எங்கள் வீட்டில் கூண்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறோம். பறவையிடமிருந்து தொற்றுவதால்தான் நோய்க்கு இந்தப் பெயர் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கூண்டை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பறவைக்கும் நோய்க்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?
– ஒரு பாட்டி, திண்டுக்கல்

பதில்: அம்மா, கூண்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம். பேத்தியின் வாயில் இருப்பது கேண்டிடா என்ற பூஞ்சை. அது பறவைகளிடமிருந்து தொற்றியது அல்ல. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள் பலருடைய வாயிலும் குடலிலும் அது எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. குழந்தைக்கு அது பிறக்கும்போது தாயிடமிருந்து வரலாம். பிறகு தூக்குகிறவர்களின் கை வழியாகவும், பால் புட்டி வழியாகவும் வரலாம். நோயை எதிர்க்கும் சக்தி முழுதாக வளராத வயது என்பதால் குழந்தையின் வாயில் எளிதில் தழைத்துவிடுகிறது.

இனி பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் "த்ரஷ்" ஒரு சொல் அல்ல. எழுத்தும் ஒலிப்பும் ஒன்றாகிப்போன இரண்டு தனிச் சொற்கள். தமிழில் ஆறு என்ற எண்ணும் ஆறு என்ற நதியும் அப்படித்தான். நதியைப் பழந்தமிழில் யாறு என்றார்கள். முதலில் நின்ற யகரம் உதிர்ந்த பிறகு அது எண்ணோடு கலந்துவிட்டது. பழைய வடிவம் ஏட்டில் இருப்பதால் நமக்கு இது தெரிகிறது. சொற்களின் வரலாற்றை ஆராய்பவர்களும் இதையே தேடுவார்கள்: சொல் எப்போது முதலில் எழுதப்பட்டது, வேறு மொழிகளில் அதற்கு உறவினர் யார்.

பறவைப் பெயர் மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்திலேயே அது இருக்கிறது. அதற்கு உறவுக்காரர்களும் நிறைய. ஜெர்மனில் ட்ரோசெல், லத்தீனில் டுர்டுஸ், ரஷ்ய மொழியில் ட்ரோஸ்த், லிதுவேனிய மொழியில் ஸ்ட்ராஸ்தஸ் எல்லாம் இந்தப் பறவை இனத்தின் பெயர்கள்தான். இத்தனை மொழிகள் ஒரு சிறு பறவையின் பெயரைப் பிரிந்த பிறகும் காப்பாற்றி வந்திருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. அதன் பாட்டுக்கு அதில் பங்கு இருக்க வேண்டும். ஐரோப்பாவின் பாடும் த்ரஷ் ஒரு சிறு இசைத்துணுக்கைப் பாடி, அதையே இரண்டு மூன்று முறை திருப்பிப் பாடிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது. அதன் இன்னொரு ஆங்கிலப் பெயரான "த்ராசில்" என்பதை, ஓடும்போது அப்படி ஒலித்ததால், ஒரு நூற்பு இயந்திரத்துக்கே வைத்துவிட்டார்கள்.

நோயின் பெயர் இதற்கு வெகுகாலம் பிந்தியது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் எழுத்தில் தென்படுகிறது. லண்டனில் கொள்ளைநோய் பரவிய 1665ஆம் ஆண்டில் சாமுவேல் பீப்ஸ் என்பவர் தம் நாட்குறிப்பில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது, காய்ச்சல், விக்கல் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து எழுதுகிறார். இந்தச் சொல்லின் உறவினர் வட ஐரோப்பாவில் இருக்கிறார்கள். டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் இதே நோய்க்கு "த்ரெஸ்கெ" என்று பெயர். அங்கிருந்து வந்த சொல்லாக இருக்கலாம் என்பதே அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. அதற்கு அப்பால் வேர் தெளிவாக இல்லை.

பறவையின் மார்பில் புள்ளிகள் இருப்பதால் அதன் பெயரைப் புள்ளி விழுந்த வாய்க்கு வைத்தார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். நம்பத் தோன்றும், ஆனால் ஏற்பதற்கில்லை. அந்தப் பறவைக்கு வெளிறிய மார்பில் கரும்பழுப்புப் புள்ளிகள். குழந்தையின் வாயில் இருப்பதோ சிவந்த தோலின் மேல் வெண்திட்டு. நிறமே தலைகீழாக இருக்கிறது.

குதிரைக்காரர்களிடம் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஈரத்திலும் சாணத்திலும் நிற்கும் குதிரையின் குளம்படியில் உள்ள மென்மையான பகுதி அழுகி நாறுவதையும் த்ரஷ் என்பார்கள். அது பாக்டீரியாவின் வேலை, வேறு நோய்.

மற்ற மொழிகளிலும் இந்த நோய் விசித்திரமான பெயர்களோடுதான் சுற்றுகிறது. பிரெஞ்சுக்காரர்களுக்கு இது "முகே". வெள்ளை மணிகளாகப் பூக்கும் ஒரு வாசனைப் பூவுக்கும் அதே பெயர். ஸ்வீடிஷ் மொழியில் "டோர்ஸ்க்" என்றால் காட் மீன், இந்த நோயும் அதுவே. தமிழிலும் பாருங்கள்: சித்த வைத்தியத்தில் இத்தகைய வாய்நோய்க்கு அக்கரம் என்று பெயர். சில ஊர்களில் அச்சரம் என்பார்கள். எழுத்துக்கும் அக்கரம் என்றே பெயர்! எழுத்தால் வருகிற நோய் என்று நாம் யாரும் புத்தகத்தை ஒளித்து வைப்பதில்லை.

இது பூஞ்சையால் வருவது என்று 1840களில்தான் தெரிந்தது. ஸ்வீடனில் பெர்க் என்பவரும் பாரிஸில் க்ரூபி என்பவரும் நோயுற்ற குழந்தைகளின் வாயிலிருந்து எடுத்த வெண்படலத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். 1853இல் அந்தப் பூஞ்சைக்கு "அல்பிகன்ஸ்" என்று அறிவியல் பெயர் சூட்டிய பிரெஞ்சுக்காரரின் பெயர் சார்ல் ராபின். ராபின் என்பதும் ஒரு பறவைப் பெயர்! அமெரிக்காவில் ராபின் எனப்படுவது த்ரஷ் குடும்பத்தைச் சேர்ந்த பறவையேதான். இது முழுக்கத் தற்செயல். ஆனாலும் உங்கள் பேரனிடம் சொல்லுங்கள், மகிழ்வான். 1923இல் வந்த "கேண்டிடா" என்ற பெயருக்கு லத்தீனில் பளிச்சென்ற வெள்ளை என்று பொருள். அல்பிகன்ஸ் என்றால் வெளுத்துவருவது. பண்டைய ரோமில் தேர்தலில் நின்றவர்கள் சுண்ணம் பூசி வெளுத்த மேலாடை அணிந்தார்கள். வேட்பாளரை ஆங்கிலத்தில் "கேண்டிடேட்" என்பது அதிலிருந்து வந்தது.

மருந்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்குப் பயன்படும் நிஸ்டாட்டின் என்ற மருந்தை 1950இல் அறிவித்தவர்கள் இரண்டு பெண்கள்: எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன். ஒருவர் நியூயார்க் நகரத்தில், மற்றவர் ஆல்பனியில். சோதனைக் குப்பிகளைத் தபாலிலேயே அனுப்பிக்கொண்டு வேலை செய்தார்கள். வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பண்ணை மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து அது கிடைத்தது. இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள். மருந்தின் பெயரிலும் அந்த மாநிலத்தின் பெயரே ஒளிந்திருக்கிறது. காப்புரிமையில் வந்த பணத்தை அவர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள்.

பேரனின் புத்தகத்தில் உள்ள பறவைக்குத் தமிழில் பூங்குருவி என்று பெயர். உங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் பக்கம்தானே! மழைக்காலத்தில் ஓடையோரம் அதிகாலையில் நின்றால், மனிதர் சீட்டியடிப்பது போலச் சீகாரப் பூங்குருவி பாடுவதைக் கேட்கலாம். ஆங்கிலத்தில் அதையும் த்ரஷ் என்றே அழைக்கிறார்கள். இப்போது பறவையியலாளர்கள் அதை ஈப்பிடிப்பான் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

கடைசியாக, பேத்திக்காக ஒரு வேண்டுகோள். வெள்ளை மறைந்ததும் மருந்தை நிறுத்தாமல் டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள். புட்டியின் ரப்பரைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது குழந்தையின் தாய்க்கு மார்புக் காம்பில் எரிச்சலோ வலியோ இருந்தால், அவரையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். மாசிக்காயை உரைத்துத் தேனில் குழைத்துத் தடவச் சொல்லி யாராவது வருவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூட ஆகாது.