நம்மட ஆள் ஜனாதிபதியாக ஏலாதா?

அன்பின் மருமகளுக்கு,

"நம்மட ஆள் ஒருவர் ஜனாதிபதியாக வர ஏலாதா மாமா? ஏலாது என்றால் எதுக்கு எலெக்சன் கேட்கிறாங்க?" என்று எழுதியிருந்தாய். இந்த வருடம்தான் உன் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியிருக்கிறது. முதல் வாக்குச்சீட்டை வாங்கும் முன்பே இதைக் கேட்கிறாயே என்று சந்தோசம். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இலங்கைச் சட்டத்தில் இனத்தின் பெயரால் தடை இல்லை. ஆனால் ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்புமனு கொடுக்க ஒரு கட்சி வேண்டும். கட்சி இல்லையென்றால் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். அதனால்தான் சுயேச்சையாகச் சங்குச் சின்னத்தில் கேட்க முடிந்தது. சுயேச்சை வேட்பாளருக்கு அப்போது கட்டுப்பணம் 75,000 ரூபாய். அதை எப்படியும் திரட்டிவிடலாம். ஆனால் அதே தேர்தலில் ஒரு வேட்பாளர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்று தேர்தல் ஆணைக்குழு வரையறுத்தது. ஒரு கோடியே 71 லட்சம் வாக்காளருக்குப் பெருக்கிப் பார், 186 கோடி ரூபாய்க்கு மேல் வரும். அந்த வரம்பின் கிட்டவாவது போகக்கூடிய தமிழ் வேட்பாளரையோ முஸ்லிம் வேட்பாளரையோ நான் கண்டதில்லை.

அரியநேத்திரனுக்கு 226,343 வாக்குகள் விழுந்தன, 1.7 வீதம். 2019 இல் முஸ்லிம் வேட்பாளரான காத்தான்குடி ஹிஸ்புல்லாஹ்வுக்கு 38,814. 1982 இல் தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் யாழ் மாவட்டத்தில் முதலாவதாக வந்தும் நாடளவில் 2.67 வீதம்தான். வெல்வதற்குப் பாதிக்கு மேல் வேண்டும். நாட்டில் முக்கால் பங்கு சிங்கள மக்கள். இந்த மூவரில் எவரும் வெல்லலாம் என்ற கணக்கில் இறங்கியவர் அல்லர். தம் மக்களின் குறையை நாட்டின் முன் வைக்கவே இறங்கினார்கள். அதை வீண் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் நமக்குள் ஒற்றுமை வேண்டும். 2024 இல் தமிழரசுக் கட்சி அரியநேத்திரனை விட்டுச் சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. நம் மாவட்டத்திலும் அவர்தான் முதலாவதாக வந்தார்.

எண்ணிக்கை குறைவு என்பதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடாதே. சிங்கப்பூரில் சீனர்கள் ஏறக்குறைய முக்கால் பங்கு. அங்கே 2023 செப்டெம்பரில் தர்மன் சண்முகரத்தினம் என்ற தமிழர், இரண்டு சீன வேட்பாளர்களுக்கு எதிராக நின்று 70.4 வீத வாக்குகளோடு ஜனாதிபதியானார். அந்தப் பதவிக்கு இங்குள்ள அளவு அதிகாரம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் ஆளும் கட்சி அவரை நிதியமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் வைத்திருந்தது. அவருடைய வேலையைச் சனம் பார்த்திருந்தது. இங்கே 1982 முதல் நடந்த ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்களில் வெல்லும் பலமுள்ள எந்தக் கட்சியும் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ நிறுத்தவில்லை. என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய தடை இதுதான். சனம் வாக்களிக்கும் முன்பே கொழும்பில் கட்சித் தலைமையகங்களில் விசயம் முடிந்துவிடுகிறது.

நாடாளுமன்றத் தேர்தல் வேறு விதம். விகிதாசார முறை இருப்பதால் நமக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் அந்தக் கணக்கை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். மட்டக்களப்புக்கு ஐந்து ஆசனங்கள். முதலாவது வரும் பட்டியலுக்கு ஒன்று போனஸ். 5 வீதத்தைத் தொடாத பட்டியல்களைத் தள்ளிவிட்டு, மிச்ச வாக்குகளை நான்கால் பிரித்து, வரும் எண்ணுக்கு ஓர் ஆசனம், பிறகு மிஞ்சிய வாக்கு கூடியவர்களுக்கு என்று மற்ற நான்கையும் பங்கிடுவார்கள். 2024 நவம்பரில் 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலாவது வராத ஒரே மாவட்டம் நமது. தமிழரசுக்கு ஏறக்குறைய 97,000 வாக்குகள், மூன்று ஆசனங்கள். தேசிய மக்கள் சக்திக்கு 55,000, ஓர் ஆசனம். முஸ்லிம் காங்கிரசுக்கு 40,000, ஓர் ஆசனம். கிழக்கின் முன்னாள் முதலமைச்சர் பிள்ளையானின் கட்சிக்கு 31,000 வாக்குகள் இருந்தும் ஒன்றுமில்லை. கடைசி ஆசனம், தமிழரசுக்கு ஒரு முழு ஆசனம் கொடுத்த பிறகு மிஞ்சிய ஏறக்குறைய 35,000 வாக்குகளுக்குப் போனது. நாலாயிரம் வாக்கில் ஓர் ஆசனம் கை மாறியிருக்கும். சொந்தக்காரர் சுயேச்சைக் குழுவில் நிற்கிறார் என்பதற்காகச் சனம் போட்ட வாக்குகள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அதற்குப் பிறகு விருப்பு வாக்கு. ஒவ்வொரு வாக்காளரும் தான் வாக்களித்த பட்டியலில் மூன்று பேருக்குப் போடலாம். ஆகையால் வேட்பாளரின் முதல் எதிரி பக்கத்தில் நிற்கும் தன் கட்சிக்காரர்தான். பெரிய ஊர், பெரிய குடும்பம், வெளிநாட்டுக் காசு உள்ளவர் முந்திவிடுவார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலும் மாடும் நம்பி வாழும் சிறிய ஊர்களிலிருந்து ஒருவர் எழும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று யோசி. முஸ்லிம் மக்கள் பக்கமும் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி மூன்றுக்கும் தத்தம் ஊருக்கு ஒரு உறுப்பினர் வேண்டும். கிடைப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தேர்தல் காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரைக் காட்டி மற்றவரைப் பயமுறுத்தி வாக்குக் கேட்பதை நீயே பார்ப்பாய். அப்படிக் கேட்பவருக்கு ஒருபோதும் உன் வாக்கைப் போடாதே.

உயிர்ப் பயமும் ஒரு தடையாக இருந்தது. 2004 இல் நம் மாவட்ட வேட்பாளர் ராஜன் சத்தியமூர்த்தி வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மரியாள் பேராலயத்துக்குள்ளேயே, நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். என் தலைமுறையில் தகுதியுள்ள எத்தனையோ பேர் வேட்புமனுப் பக்கமே போகாததற்கு அந்தப் பயம்தான் காரணம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

நீ தேர்தல் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் இதையும் தெரிந்துகொள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு சட்டமாக இருக்கிறது; நாடாளுமன்றத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 2004 இல் தங்கேஸ்வரி கதிராமன் வென்றார். அதற்குப் பிறகு நடந்த நான்கு தேர்தல்களில் மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண்கூடத் தெரிவாகவில்லை. ஒரு கட்சிப் பட்டியலில் எட்டுப் பெயர்கள். யார் யாரைப் போடுவது என்று தீர்மானிக்கும் கூட்டம் நடக்கும்போது நீயும் உன் சிநேகிதிகளும் போய் உட்காருங்கள். பெண்களுக்கு எத்தனை இடம் என்று கேளுங்கள், பதில் வரும்வரை எழும்ப வேண்டாம்.

அன்புடன்,
மாமா