சுரங்க நீர் தெளிவாக இருந்தால் போதுமா?

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பயிர் வைக்கும் விவசாயிகளுக்குச் சுரங்க நீர் புதிதல்ல. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்று நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்கிறது. இதை இரவு பகலாக இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். 1961ல் கரி முதன்முதலாக வெளிப்பட்ட காலத்திலிருந்து இந்த இறைப்பு நடந்து வருகிறது. சுரங்க நீர் வாலாஜா ஏரிக்கும், பரவனாறு வழியே பெருமாள் ஏரிக்கும் சென்று வயல்களில் பாய்கிறது.

சுரங்கத்திலிருந்து வருவது எல்லாம் ஒரே நீர் அல்ல. ஆழ்குழாய்களில் ஊற்றிலிருந்து நேரே இறைப்பது ஒன்று. சுரங்கப் பள்ளத்தில் தேங்கும் மழைநீரும் கசிவுநீரும் மற்றொன்று. பின்னது களிமண்ணையும் கரித்தூளையும் சுமந்து வரும். கந்தகம் கலந்த கரியிலும் பாறையிலும் காற்றும் நீரும் பட்டால் அமிலம் உண்டாகி, அது மண்ணிலுள்ள உப்புக்களைக் கரைத்துக்கொண்டு வரும்.

கலங்கல் வேறு, கரைந்த உப்பு வேறு. கலங்கிய நீரைக் குடத்தில் வைத்தால் விடிவதற்குள் தெளிந்துவிடும். உப்புப் போட்ட நீரை ஒரு வாரம் வைத்தாலும் உப்பு அடியில் தங்காது. வண்டல் தொட்டிகள் செய்வது முதல் வேலையை மட்டுமே. ஆகவே வாய்க்கால் நீர் கண்ணாடி போல் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் வெளிவிடும் நீருக்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அளவு வைத்திருக்கிறது. நீர்நிலைகளில் விடும் நீரில் கலங்கல் லிட்டருக்கு 100 மில்லிகிராம், கரைந்த உப்பு 2,100 மில்லிகிராம், இவற்றைத் தாண்டக் கூடாது. அமில கார நிலை 5.5க்கும் 9க்கும் இடையே இருக்க வேண்டும். இங்கே விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2,100 என்பது வெளிவிடுவதற்கான உச்ச வரம்பு. பயிருக்கு நல்லது என்பதற்கான சான்று அல்ல.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் கட்டினால் சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்றால் ஒவ்வொரு அங்குலத்திலும் 216 கிலோ உப்பு வயலுக்குள் வருகிறது. மணிலாவுக்கு 20 அங்குலம் கட்டினால் 4 டன்னுக்கு மேல்! நீர் ஆவியாகிப் போகும். உப்பு அங்கேயே இருக்கும். வடிகால் இல்லாத களிமண் நிலத்தில் இது வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும்.

நீர் ஆய்வுச் சீட்டில் மின்கடத்தும் திறன் என்று ஓர் எண் இருக்கும். அலகு டெசிசைமன், பழைய சீட்டுகளில் மில்லிமோ. இரண்டும் ஒன்றே. அதை 640ஆல் பெருக்கினால் கரைந்த உப்பின் அளவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி 0.7க்குக் கீழ் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை பயிர் பார்த்து வைக்க வேண்டும். 3க்கு மேல் போனால் கடும் பாதிப்பு. மேலே சொன்ன 2,100ஐ 640ஆல் வகுத்துப் பாருங்கள். 3.3 வருகிறது.

நெல்லுக்கு வேர்மண்ணின் உப்பு நிலை 3ஐத் தாண்டிய பின் ஒவ்வோர் எண்ணுக்கும் மகசூல் சுமார் 12 சதவீதம் விழும். நாற்று நட்ட புதிதிலும் பூக்கும் சமயத்திலும் பயிர் இன்னும் மென்மை. நெல்லுக்குப் பின் உளுந்து விதைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உளுந்து உப்பு தாங்காது.

ஆய்வுக்கு மாதிரி எடுக்கும்போது சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரில் மூன்று முறை அலசி, வாய்க்காலின் நடுவில், மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு லிட்டர் பிடிக்கவும். இடமும் தேதியும் எழுதி ஒட்டி, மறுநாளுக்குள் மண் பரிசோதனை நிலையத்தில் சேர்க்கவும். கோடையில் ஒரு முறை, முதல் மழைக்குப் பின் ஒரு முறை எடுப்பது அவசியம். ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது.

உப்பு மிகுந்தால் ஆற்று நீரோ கிணற்று நீரோ கலந்து பாய்ச்சலாம். வயலுக்கு வடிகால் வெட்டி, மழைக்காலத்தில் நீரைத் தேக்கி வடித்தால் உப்பு கழுவப்படும். தக்கைப்பூண்டு மடக்கி உழுவது நல்லது. ஜிப்சம் எல்லா உப்புக்கும் மருந்து என்று பலர் வாங்கிக் கொட்டுகிறார்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது பயன்படும்; வெறும் உவர் நிலத்துக்குக் காசு தண்டம்.

அளவு மீறியிருப்பதாகத் தோன்றினால் உங்கள் பாட்டில் மட்டும் வழக்குக்கு உதவாது. 1974ம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ம் பிரிவுப்படி, வாரிய அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுக்கும் மாதிரியே சாட்சியமாக நிற்கும். ஆகவே ஆய்வுச் சீட்டை இணைத்து, மாதிரி எடுக்கும்படி மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனுக் கொடுக்கவும். விவசாயிகள் குறை தீர்க்கும் நாளில் கலெக்டரிடமும் ஒரு பிரதி தரலாம். இரண்டு நகல்களிலும் பெற்ற தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளவும்.